கிளேட்டன் கடவை மணி

போன மாதம் கிரான்பர்னில் ஒரு பிறந்தநாள் விழா. கூட வேலை செய்பவரின் மகளுக்கு. மண்டபத்துக்குச் சீக்கிரமே போய்விட்டதால் என்னைப் பலூன் ஊத விட்டார்கள். புதுப் பலூனின் ரப்பர் வாசம் மூக்கில் ஏறினால் நான் இருக்கிற இடத்தில் இருக்கமாட்டேன். அது பழைய வியாதி. எங்கிருந்து பிடித்தது என்று சொல்கிறேன்.

சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே, சனம் சாப்பிடப் போன நேரத்தில், இசை போடுகிற பையன் தன் விருப்பத்துக்கு ஏதோ ஒன்றைப் போட்டான். மெதுவான, கனமான ஒன்று. மேசையில் இருந்த என் காகிதக் கோப்பைத் தேநீரில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது. காதுக்கு எட்டுமுன் கோப்பைக்குத் தெரிந்துவிட்டது. பிறகு ஒரு மணி அடித்தது. ரெயில் கடவை மணி. அதற்குப் பிறகு ஒரு சொல் வரவேண்டும். கட்டாத பலூனின் வாயை விரலால் பிடித்தபடி அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. பலூன் கையை விட்டுப் பறந்து, சீறிக்கொண்டு போய்க் கேக்குக்குப் பக்கத்தில் விழுந்தது. “தம்பி, ஏலாட்டி வைச்சிட்டுப் போய்ச் சாப்பிடுங்கோ,” என்றார் ஓர் அன்ரி. நாற்பது வயதில் என்னைத் தம்பி என்று கூப்பிட இன்னும் ஆள் இருக்கிறது என்ற மகிழ்ச்சியைக்கூட அன்று அனுபவிக்க முடியவில்லை.

இரண்டாயிரத்துப் பத்தை ஒட்டிய ஆண்டுகள் அவை. நான் இதே நகரத்தின் இன்னொரு புறநகரான கிளேட்டனில் மாணவன். தெற்கு இத்தாலியில் ஒரு துறைமுக ஊரிலிருந்து எனக்குத் தபாலில் இசைத்தட்டுகள் வரும். அவற்றை வெளியிட்ட நிறுவனம் என்பது உண்மையில் ஒரே ஆள், லூக்கா. அப்பாவின் டயர்க் கடைக்கு மேலே ஓர் அறையில் இருந்துகொண்டு டப்ஸ்டெப் தட்டுகள் வெளியிட்டான். பழுப்பு உறை, அதில் ரப்பர் முத்திரையால் ஓர் எண், உள்ளே தட்டு. பிரித்தால் டயர் வாசம் அடிக்கும். மற்றவர்களுக்கு இத்தாலி என்றால் என்னென்ன மணக்குமோ, எனக்கு இன்றுவரை டயர்தான்.

டப்ஸ்டெப் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அது அவசரமில்லாத இசை. பாட்டுக்காரன் பாதியில் எழுந்து போய்விட்டானோ என்று நினைக்கும் அளவுக்கு நடுவில் வெறுமை இருக்கும். அந்த வெறுமையின் அடியில் பேஸ் என்கிற அடிநாதம் ஒன்று ஊர்ந்து வந்து நெஞ்சுக்கூட்டைத் தொடும். இருந்த ஊரை விட்டு வந்து, புது ஊரில் யாரும் இன்னும் தோளில் தட்டிப் பேசாத, இருபதைத் தாண்டிய ஒருவனுக்கு அது எவ்வளவு பெரிய துணை என்று விளக்க எனக்குத் தெரியாது.

எதையும் வரிசையாகச் சேர்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. தொடர்கதை என்றால் முதல் இதழிலிருந்து வேண்டும். லூக்காவின் தட்டுகளையும் அப்படித்தான் எண் தவறாமல் வாங்கினேன். ஒருமுறை இரண்டு தட்டுகளுக்கு ஒரே எண் விழுந்திருந்ததைக் கண்டுபிடித்து அவனுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அவன் சிரித்துப் பதில் போட்டான். அன்றிலிருந்து நான் அவனுடைய ‘ஆவணக் காப்பாளர்’. எந்தத் தட்டு எப்போது வந்தது என்று தன் சந்தேகங்களையே என்னிடம் கேட்டு எழுதுவான். சம்பளமில்லாத அந்தப் பதவியில் நான் எவ்வளவு பூரித்துப் போயிருந்தேன் என்று நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

சுதன், வாடகை வீட்டில் என் அடுத்த அறைக்காரன். யாழ்ப்பாணத்தில் எங்கள் இரண்டு பேருடைய வீடுகளுக்கும் நடுவே சைக்கிள் தூரம்தான். ஆனால் சந்தித்தது கிளேட்டன் குசினியில், ஒரே ரொட்டிப் பைக்கு உரிமை கோரியபோது. அவனிடம் கணினி இருந்தது, ஓட்டைக் கார் இருந்தது. என்னிடம் தட்டுகளும் காதும். நாங்களே அப்படி ஒரு பாட்டுச் செய்வோம் என்று தொடங்கினோம். எங்களிடம் இருந்த ஒலிபெருக்கியில் பேஸே கேட்காது. ஆகவே ஒவ்வொரு முறையும் அவனுடைய காரில் போட்டுக்கொண்டு டண்டினோங் வீதியில் ஓடிப் பார்ப்போம். நல்லாக அதிர்ந்தால் சரி என்று குறித்துக்கொள்வோம். வாரக்கணக்கில் இப்படித் திருத்திய பிறகு, ஒருநாள் தெரிந்தவர் வீட்டில் நல்ல ஒலிபெருக்கியில் போட்டால் ஒன்றுமேயில்லை. நாங்கள் பேஸ் என்று ரசித்தது காரின் பின் நம்பர் பிளேட் ஆடிய ஆட்டம். ஓர் ஆணி கழன்றிருந்தது. தரையில் குந்தியிருந்து சிரித்தோம். பிறகு அந்த ஆட்டத்தையே ஒலிப்பதிவு செய்து பாட்டில் சேர்த்தோம்.

மணி என் யோசனை. கிளேட்டன் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் அப்போது ரெயில் கடவை இருந்தது. கேற் விழுந்தால் கிளேட்டன் வீதி முழுக்க நிற்கும், அம்புலன்ஸும் நிற்கும். எல்லோரும் திட்டுகிற அந்த இடத்தில் நான் ஒன்றைக் கவனித்து வைத்திருந்தேன். இந்தப் பக்க மணியும் அந்தப் பக்க மணியும் ஒன்றாக அடிப்பதில்லை. ஒன்று சற்றுப் பிந்தும், பிந்திப் பிந்திப் போய் ஒரு கட்டத்தில் இரண்டும் சேர்ந்துவிடும், மறுபடி பிரியும். அந்தச் சேரும் இடத்தில் பேஸ் இறங்க வேண்டும் என்பது என் கணக்கு. இதை லூக்காவுக்கும் நீளமாக எழுதினேன். அருமை என்று பதில் வந்தது.

மழை தூறிய ஒரு மாலை போனோம். ஒலிப்பதிவுக் கருவியை ரொட்டிப் பைக்குள் சுற்றிக்கொண்டு நான் நின்றேன். சுதன் குடை பிடித்தான். மணிகள் பிரிந்து, நெருங்கி, சேருகிற நேரத்தில் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நான் என்னை அறியாமல் “வருது” என்று சொல்லிவிட்டேன். பதிவு கெட்டுப்போச்சு, திரும்ப எடுப்போம் என்றேன்.

“கிடக்கட்டும் மச்சான்,” என்றான் சுதன். “அதுதான் எங்கட கையெழுத்து.”

பாட்டு வளர்ந்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு புனைபெயரும் வைத்தோம். அதை மட்டும் கேட்காதீர்கள். முடிந்துவிட்டது என்று அவன் சொல்வான், இன்னும் இல்லை என்று நான் சொல்வேன். நீ முடிக்கிறதுக்குள்ள இந்த இசையே முடிஞ்சிடும் என்று ஒருமுறை எரிச்சல்பட்டான். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

குளிர்காலத்தில், வழக்கம்போல, லூக்காவின் அடுத்த எண் தபாலில் வந்தது. நான் முன்கூட்டியே பணம் கட்டி வைத்திருந்த தட்டு. உறையில் கேள்விப்படாத ஒற்றைப் பெயர். டயர் வாசத்தை ஒருமுறை இழுத்துவிட்டு, ஊசியை வைத்தேன். மணி அடித்தது. நான் சன்னலைப் பார்த்தேன். காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் கடவை மணி எங்கள் வீடுவரை கேட்கும். அடுத்து நம்பர் பிளேட் ஆடியது. பிறகு என் குரல், தண்ணீருக்கு அடியிலிருந்து சொல்வதுபோல: வருது.

திரும்பினேன். சுதன் குசினி வாசலில் சோற்றுக் கோப்பையோடு நின்றான்.

“லூக்காவுக்கு அனுப்பினதைச் சொல்லத்தான் இருந்தனான்,” என்றான்.

எப்போது என்று கேட்டேன்.

“தட்டு வந்தாப்பிறகு. முதல்லயே சொன்னா இன்னும் ஒரு மாசம் வேணுமெண்டு நிப்பாய்.”

“அப்ப எங்கட பெயர் எங்க? இது ஆற்ற பெயர்?”

“என்ர. அவன் ஒரு பெயர்தானே கேட்டவன்.” கோப்பையைக் கீழே வைத்தான். “சரி, நீயே சொல்லு. மணி ரெயில்வேக்காரன்ர. பிளேட் என்ர காரின்ர. கணினியும் என்ர. இதில உன்ர எது?”

ஊசியைத் தூக்கித் தட்டை உறைக்குள் போட்டேன். மறுநாள் பஸ்ஸில் போகும்போதுதான் பதில் வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான். அந்த மணிகள் சேருகிற இடத்தைக் கேட்டது என்னுடையது. ஊரே திட்டிக்கொண்டு நின்ற இடத்தில் நின்று கேட்டது. ஆனால் பஸ்ஸில் யாரிடம் சொல்வது?

லூக்காவுக்கு எழுதினேன். அவன் பதில் மூன்று வரி. உனக்குப் பெயர் போடுவது பிடிக்காது, நீ கூச்சமான ஆள் என்று உன் நண்பன் சொன்னான்; பாட்டு பிரமாதம்; உனக்கு ஒரு சட்டை அனுப்புகிறேன். மணியைப் பற்றி நான் பந்தி பந்தியாக எழுதியதை அவன் வாசித்திருந்தான். எண் குழம்பினால் என்னிடம் கேட்கத் தெரிந்தவனுக்கு, இதை ஒரு வரி எழுதிக் கேட்கத் தெரியவில்லை. சுதன் செய்தது கோபம் தந்தது. இது வேறு மாதிரி. இன்றைக்கும் பெயர் வைக்க முடியாத ஒன்று. சட்டை வந்தது. எனக்கு இரண்டு அளவு சிறியது. டயர் வாசம்.

அந்த மாத முடிவில் வேறு அறைக்குப் போனேன். தட்டைக் கிளேட்டனில் ஒரு பழைய சாமான் தருமக்கடையில் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு லூக்காவின் தட்டு எதையும் வாங்கவில்லை. இன்றும் என் அலுமாரியில் அந்த வரிசை, எங்கள் பாட்டின் எண்ணுக்கு முந்தியதோடு நிற்கிறது.

சுதன் இப்போது சிட்னியில், ஸ்ட்ராத்ஃபீல்டில் இருக்கிறான். தீபாவளிக்கு ஒரு வாழ்த்து வரும், நானும் ஒன்று அனுப்புவேன். கிரான்பர்ன் விழாவுக்கு அடுத்த ஞாயிறு அவனைப் போனில் அழைத்தேன். லூக்கா பழைய தட்டுகளின் ஒலியையெல்லாம் துப்புரவாக்கி இணையத்தில் விட்டிருக்கிறானாம். குரலில் பழைய உற்சாகம். “கேட்டனியே? வடிவா வந்திருக்கெல்லே?”

மணிக்குப் பிறகு வருகிற சொல் எங்கே என்று கேட்டேன்.

“எந்தச் சொல்?”

சொன்னேன்.

“ஓ, அதுவோ. ஏதோ இரைச்சல் கிடக்கு, எடுக்கவோ எண்டு லூக்கா கேட்டவன். எடு எண்டனான்.” பிறகு கேட்டான்: “அது நீயே?”

பின்னால் அவன் பிள்ளை இங்கிலீசில் எதற்கோ கூப்பிட்டது. பிறகு எடுக்கிறன் என்று போனை வைத்துவிட்டான். எடுக்கவில்லை.

நேற்றுக் கிளேட்டனுக்குப் போனேன். தருமக்கடை இருந்த இடத்தில் இப்போது பல் வைத்தியம் பார்க்கிறார்கள். கடவை எப்போதோ போய்விட்டது. தண்டவாளத்தைத் தூக்கித் தூண்களுக்கு மேல் வைத்துவிட்டார்கள். கேற் இல்லை, மணி இல்லை. கார்கள் நிற்காமல் போகின்றன, அம்புலன்ஸும் போகிறது, அது நல்லதுதான். நாங்கள் குடை பிடித்து நின்ற இடம் எது என்று உத்தேசமாகக் கண்டுபிடித்து அங்கே நின்றேன். தலைக்கு மேலே ஒரு ரெயில் போனது. போன பிறகுதான் அது வந்ததே எனக்குத் தெரிந்தது.