மணல் அரக்கியும் வத்தல் ராணியும்

போன வாரம் சிவகாசியிலிருந்து ஒரு பார்சல் வந்தது. பிரித்தால்... நான் வரைந்த கார்டுகள்!

பிள்ளைகள் பலத்தைச் சொல்லி, எதிராளியின் கார்டைப் பிடுங்கி விளையாடுவார்களே, அந்த மாதிரி. சிரிக்காதீர்கள். இது எனக்கும் என் கணவருக்குமான விளையாட்டு.

அவர் தோஹாவில் லாரி ஓட்டுகிறார். தினமும் மத்தியானம் வீடியோ காலில் வருவார். சாப்பிட்டாச்சா, வெயில் எப்படி, கரண்ட் பில் கட்டியாச்சா... இதற்கு மேல் என்னதான் பேசுவது? பேச்சு தீர்ந்துபோன ஒரு நாள் அவர் கேட்டார் — நம்ம சாத்தூர் வைப்பாற்று மணலுக்கு உயிர் வந்தால் அவள் எப்படி இருப்பாள்?

பிறந்தாள் மணல் அரக்கி. யார் அடித்தாலும் உதிர்ந்து, மறுபடி கூடிவிடுவாள். தண்ணீர் பட்டால் மட்டும் பலம் போச்சு. அடுத்து, விருதுநகர் மிளகாய் மண்டியின் வத்தல் ராணி. முந்தானையை உதறினால் எதிராளி தும்மித் தும்மியே ஒரு சுற்றை விட்டுவிடுவான். இப்படியே ஒரு கட்டுக்கு ஆள் சேர்ந்துவிட்டது. அவர் சொல்லச் சொல்ல டேப்லெட்டில் நான் வரைவேன். யாருக்கு எவ்வளவு பலம் என்று நாங்கள் போட்ட சண்டையைக் கேட்டவர்கள் சொத்துத் தகராறு என்றே நினைத்திருப்பார்கள்.

லீவில் வரும்போது எதிரெதிரே உட்கார்ந்து ஆட வேண்டும். அதுதான் ஒப்பந்தம். லீவு சித்திரையில் என்றார்கள் அவர் கம்பெனியில். பிறகு இருக்கன்குடி கோயில் ஆடி வெள்ளிக்கு என்றார்கள். இப்போது தீபாவளிக்குப் பார்க்கலாம் என்கிறார்கள். கார்டாவது கைக்கு வரட்டும் என்று சிவகாசிக்கு ஆர்டர் கொடுத்தேன்.

அங்கே காலண்டர் சீசன். ஒரே ஒரு கட்டுக்கு யார் மெஷின் ஓட்டுவார்கள்? தெரிந்த அச்சக அண்ணாச்சி, காலண்டர் தாள்களின் ஓரத்தில் மிச்சமிருந்த இடங்களில் சேர்த்து ஓட்டிக்கொடுத்தார். கலர் அருமை. ஆனால் ஒவ்வொரு கார்டின் அடியிலும் ஒரு விரல் அகலத்துக்கு வெறும் வெள்ளை. மணல் அரக்கியின் பாதத்தைக் காணோம்! போன் போட்டேன்.

"பேரு போட எடம் விட்டிருக்கோம்மா. எந்தக் கம்பெனி பேரு போடணும்?" என்றார் அண்ணாச்சி.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கொடுப்பவர் பெயர் இல்லாமல் அங்கே என்ன அச்சாகிறது? நம் வீட்டுக் காலண்டரில் முருகனே தனியாகவா நிற்கிறார்? காலடியில் ஒரு நகைக்கடையோ, எண்ணெய் மில்லோ இருக்கத்தானே செய்கிறது! வருஷம் பூரா அந்தப் பெயரைப் பார்க்கிறோம். ஆளை ஒருநாளும் பார்த்ததில்லை.

அன்று மத்தியானம் வீடியோ காலில் என் கணவரிடம் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். உங்கள் சம்பளத்தில் அடித்ததுதானே, உங்கள் பெயரையே போட்டுவிடவா என்று விளையாட்டாகக் கேட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"எம் பேர மட்டும் போட்டுறாத மாலா. காலண்டர்ல பேரு போட்டவுக வீட்டுக்கு வர மாட்டாக. பேருதான் ஆணியில தொங்கும். நான் வரணும்ல?"

ஏங்கிக் கிடப்பது நான் மட்டும்தான் என்று இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெயர் போடவில்லை. நேற்று ஆசைக்கு ஒரு ஆட்டம், இரண்டு பக்கமும் நானே ஆடினேன். நானே ஜெயித்தேன், நானே தோற்றேன்.

போங்கள்... இதெல்லாம் ஒரு ஆட்டமா?