பம்பு சத்தம்

தாம்பரத்தில் ஞாயிறுதோறும் புதியவர்களுக்கு, சைக்கிளில் இருந்தபடியே மட்டையால் பந்தடிக்கும் சைக்கிள் போலோ சொல்லிக்கொடுக்கிறேன். ஆடும்போது கால் தரையில் பட்டால், ஓரத்து இரும்புக் கம்பத்தை மட்டையால் தட்டிவிட்டுத்தான் மறுபடி ஆட வேண்டும். இன்று புதிதாக வந்த பெண் ஒருத்தி கூச்சத்தோடு தட்டினாள். அந்த 'டங்' என்னை எண்பதுகளின் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கே கொண்டுபோய்விட்டது.

வாடகை சைக்கிளும் பழைய ஹாக்கி மட்டையும்தான் அன்று எங்கள் ஆட்டம். கால் ஊன்றினால் அடிபம்பைத் தட்ட வேண்டும் என்பது பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா போட்ட சட்டம். பம்பு எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே. நான் தட்டும்போதெல்லாம் உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வரும்.

"பம்ப உடைச்சிட்டுதான் சைக்கிள் கத்துப்பியாடி?"

குடத்தோடு நிற்கும் பெண்கள் எல்லாம் சிரிப்பார்கள். எனக்கு மானம் போகும்.

ஒரு சாயங்காலம் கால் ஊன்றாமலே முழு ஆட்டமும் ஆடிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். நான் வாயைத் திறப்பதற்குள், மசாலா வாசனை அடிக்கும் கையால் அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"உடம்பு சரியில்லையாடி? இன்னிக்கு பம்பு சத்தமே கேக்கலையே."

இங்கே, இன்று வந்த அந்தப் பெண் மறுபடியும் கால் ஊன்றிவிட்டாள். "சாரிக்கா" என்றாள்.

"பரவால்லம்மா. வீட்டுக்குள்ள கேக்கிற மாதிரி தட்டு" என்றேன்.