ரோதமுனிக்கு நூற்றிருபது பலம்

லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிள்ளை மடுவத்துக்குப் பொறுப்பாக இருக்கும் ஜெனிதாவுக்கு முப்பத்தாறு வயது. கிழமை நாட்களில் அவளுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. தாய்மார் மலைக்கு ஏறுமுன் கொண்டுவந்து விட்டுப்போகும் இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும் பால் கரைக்க வேண்டும், மூக்குத் துடைக்க வேண்டும், கடித்தவனையும் கடிபட்டவனையும் சமாதானம் பண்ண வேண்டும். ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்கு ஆகாது. காலைப் பூசை கண்டு வீடு திரும்பினால், மறுநாள் விடியும்வரை பேச ஆள் கிடையாது. பக்கத்துக் குவார்ட்டஸ்காரர்கள் பஸ் பிடித்து ஊருக்குப் போய்விடுவார்கள். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் போனாலோ, "டீச்சர் வந்திருக்காங்க" என்று கதிரையைத் துடைத்துப் போட்டு, தேத்தண்ணியும் கொடுத்து, வீட்டிலுள்ள அத்தனை பேரும் எழுந்து நின்றுகொள்வார்கள். நிற்கிறவர்களோடு எவ்வளவு நேரந்தான் பேசுவது? இந்தத் தோட்டத்துக்கு மாற்றலாகி வந்து மூன்று வருடமாக அவள் தனியாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

இப்படியிருக்கையில் அவள் கையில் ஒரு புத்தகம் சிக்கியது. தம்பி றொனால்ட் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் வேலை பார்க்கிறான். யாரோ வெளிநாட்டுக்காரர் அறையில் போட்டுவிட்டுப் போனது என்று கொண்டுவந்து கொடுத்தான். இங்கிலீசுப் புத்தகம். வாசிக்கிற கதை இல்லை, ஆடுகிற கதை. ஒருவர் கதையைச் சொல்லிக்கொண்டு போவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, "நான் இப்போது இதைச் செய்கிறேன்" என்பார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகமுள்ள தாயக்கட்டை தீர்மானிக்கும். ஒரு கிராமத்து ஆலய மணியைப் பெரிய இறக்கை வைத்த பூதமொன்று தூக்கிக்கொண்டுபோய்க் கோட்டைக்குள் வைத்திருக்கிறது. நாலைந்து வீரர்கள் போய் அதைக் கொன்று மணியை மீட்க வேண்டும். புத்தகம் இவ்வளவுதான். ஜெனிதா அதில் கிறங்கிப்போனாள்.

இரண்டு வருடம் அவள் தனியாகவே ஆடினாள். வீரனும் அவள், மந்திரவாதியும் அவள், பூதமும் அவள். தோற்றாலும் அவள், வென்றாலும் அவள். தாயக்கட்டை இல்லாத குறைக்கு, ஒன்றிலிருந்து இருபதுவரை எழுதிய மட்டைத் துண்டுகளைப் பால்மா டின்னில் போட்டுக் குலுக்கினாள். கண்ணாடியைப் பார்த்து எத்தனை நாள் சிரிப்பது? போன ஜனவரியில் ஒருநாள் துணிந்து, பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த பத்துப் பேரிடம், "ஞாயித்துக்கெழமை மூணு மணிக்கு மடுவத்துக்கு வாங்க, ஒரு வெளையாட்டு இருக்கு" என்று சொல்லிவைத்தாள்.

மூன்று பேர் வந்தார்கள். அதிலும் அன்று அடைமழை, யார் வீட்டிலும் டீவி தெளிவில்லை. கொழுந்தெடுக்கும் ராசம்மா, டீச்சர் கூப்பிட்டால் போகாமலிருப்பது மரியாதையில்லையே என்று வந்தாள். ஐம்பது வயது, வாய் மட்டும் இருபது வயது. அவளுடைய தங்கை மகன், ஆட்டோ ஓட்டும் துஷாந்த், மழையில் ஹயர் இல்லாததால் வந்தான். மூன்றாமவன் நல்லமுத்து, பேக்டரியில் ரோலர் மெஷினில் வேலை செய்கிறவன். கேட்டால்தான் பேசுவான், சில சமயம் கேட்டாலும் பேசமாட்டான். மூவரும் பிள்ளைகளுடைய குட்டிக் கதிரைகளில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தார்கள்.

அந்த முதல் நாளைப் பற்றி அதிகம் சொல்லாமலிருப்பதே ஜெனிதாவுக்குச் செய்யும் உபகாரம். புத்தகத்திலிருந்ததை அப்படியே தமிழில் சொன்னாள். "நீங்க மூணு பேரும் ஒரு சாராயக்கடையில ஒக்காந்திருக்கீங்க" என்று ஆரம்பித்ததுமே ராசம்மா கையைத் தூக்கினாள்.

"சாராயக்கடைக்கு நான் எதுக்குங்க டீச்சர் போனேன்?"

"அது... கதை அப்படித்தான் ஆரம்பிக்குது."

"கதைன்னாலும் நாலு பேரு பாத்தா என்னா நெனைப்பாங்க?"

அதற்குப் பிறகு பிரபு, கோட்டை, அகழி என்று ஜெனிதா சொல்லச் சொல்ல, நல்லமுத்து கூரையைப் பார்த்தான். துஷாந்த் உட்கார்ந்தபடியே தூங்கி, குட்டிக் கதிரையோடு சரிந்தான். போகும்போது ராசம்மா மட்டும், முகத்தை முறிக்க மனமில்லாமல், "இன்னொரு வாட்டி வர்றோங்க டீச்சர், அதுக்கப்பறம் பாப்போம்" என்றாள். அந்தப் "பாப்போம்" எந்தப் "பாப்போம்" என்று ஜெனிதாவுக்குத் தெரியாதா? இன்னொரு ஞாயிறு கைவசம் இருக்கிறது. அதுவும் ஊற்றிக்கொண்டால் பழையபடி பால்மா டின்னும் அவளுந்தான்.

மூன்று கிழமை அவகாசம் கேட்டு வாங்கிக்கொண்டு புத்தகத்தைப் பிரித்து மேய்ந்தாள். எலும்பை வைத்துக்கொண்டு சதையை மாற்றுவது என்று முடிவு. சாராயக்கடை போய்க் காலைப் பெரட்டுக் களம் வந்தது. அங்கேதானே வேலைக்காரர் எல்லாரும் ஒன்றுகூடுவார்கள்! ஆலய மணி, பேக்டரிச் சங்கு ஆனது. வாளுக்குத் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி. கோட்டைக்கு எங்கே போவது என்று யோசித்தபோது, மேல்பிரிவில் பத்து வருடமாக மூடிக்கிடக்கும் பழைய பேக்டரி ஞாபகத்துக்கு வந்தது. உளுத்த மரப்படி, வௌவால் கூட்டம், பூட்டிய இரும்புக் கதவு என்று மாடிக்கு மாடி பொறி வைத்தாள். பூதத்துக்குப் பதில் யார்? அவளுடைய அப்பா மரியரட்ணம் ஹட்டன் பக்கம் ஒரு பேக்டரியில் கிளார்க்காக இருந்தவர். அங்கே மெஷின் அறை மூலையில் குங்குமம் தெறித்த ஒரு கல் இருந்ததும், அதை ரோதமுனி என்று சொல்வதும், வருடத்துக்கொருமுறை அங்கிருந்து பொங்கல் வீட்டுக்கு வருவதும் அவளுக்கு நினைவிருந்தது. பெயரே நடுங்க வைக்கிறதே! பூதத்தின் பெயரை அடித்துவிட்டு, அதைச் சாய்க்க எடுக்க வேண்டிய புள்ளியோடு சேர்த்து, "ரோதமுனி, பலம் 120" என்று சிவப்புப் பேனையால் எழுதினாள். சின்ன வயதில் பொங்கலைச் சாப்பிட்டாளே தவிர, பொங்கல் எதற்கு என்று கேட்டவளில்லை.

இரண்டாவது ஞாயிறு பிரமாதமாக ஆரம்பித்தது. "விடியக்காலம் பெரட்டுக்கு வந்து நிக்கிறீங்க. சங்கு ஊதல" என்றதும் ராசம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஊதலன்னா எப்புடி? யாரு எத்தன மணிக்கு மலைக்குப் போறது? வேல பிரிக்கிற கண்டாக்கையா என்னா சொல்றாரு?"

"கண்டாக்கையாவுக்கும் தெரியல. மேல பழைய பேக்டரிக்குள்ள ஏதோ ஒண்ணு சங்கத் தூக்கி வச்சிருக்குன்னு கேள்வி."

"அப்ப ஏறுங்கடா!" என்றாள் ராசம்மா. கதைக்குள் ஆட்டோ கொண்டுபோகலாமா என்று துஷாந்த் கேட்டான். போகலாம் என்றதும் அவனுக்குத் தூக்கம் போயே போய்விட்டது. பேக்டரி வாசலுக்கு வந்தார்கள். ஜெனிதா தொண்டையைக் கனைத்துக்கொண்டு உளுத்த மரப்படியை வர்ணிக்கத் தொடங்கினாள்.

"அந்தப் படியில எதுக்கு ஏறணும்?" என்றான் நல்லமுத்து. அவன் பேசியதில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "நான் எட்டு வருசம் அங்க வேல செஞ்சேன். பின்னால அடுப்புக்கு வெறகு தள்ற ஓட்ட இருக்கு. குனிஞ்சு நொழஞ்சா நேரா ரோலர் ரூம்பு."

மூன்று கிழமை உழைத்து வைத்த படி, வௌவால், இரும்புக் கதவு எல்லாம் பத்தே நிமிடத்தில் காலி. உள்ளூர்க்காரனுக்கு வழி சொல்லப்போன கதைதான். ஆனாலும் ஜெனிதாவுக்குக் கோபம் வரவில்லை, சந்தோஷமாக இருந்தது. நல்லமுத்து கையை ஆட்டி ஆட்டி அந்த ஓட்டையின் அகலத்தைக் காட்டிக்கொண்டிருந்தானே! போகட்டும், பெரிய சண்டை பாக்கியிருக்கிறது என்று குரலைத் தாழ்த்தினாள்.

"இருட்டுக்குள்ள ரெண்டு கண்ணு செகப்பா தெரியுது. ஆள் ஒசரத்துக்கு மேல எந்திரிச்சு நிக்குது. ரோதமுனி! நீங்க அடிக்கிறீங்களா? டின்னக் குலுக்குங்க."

யாரும் டின்னைத் தொடவில்லை. நல்லமுத்து குட்டிக் கதிரையிலிருந்து எழுந்தான்.

"டீச்சர், இது வேணாங்க. நாளைக்குக் காலையில நான் மெஷினுகிட்ட கைய நீட்டணும்."

அந்தக் கைகளை அப்போதுதான் ஜெனிதா சரியாகப் பார்த்தாள். பத்து விரலும் முழுசாக இருந்தன. அவை முழுசாக இருப்பதற்கு யாருக்கு நன்றி சொல்கிறான் என்பதும் அப்போதுதான் உறைத்தது. ஒரு பேக்டரி ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, மெஷினுக்குக் காவலாக அவன் கும்பிடுகிற சாமியை அடி என்கிறாளே! வெட்கத்தில் காது சுட்டது. "தெரியாமப் பண்ணிட்டேன் அண்ணே, மன்னிச்சுக்கங்க" என்று, எழுதிய தாளைக் கிழிக்கப் போனாள்.

ராசம்மா அந்தத் தாளை எட்டிப் பிடித்தாள்.

"இருங்க டீச்சர். நல்லமுத்து, நீயும் ஒக்காரு. சாமி அங்க இருக்குன்னுதானே சொன்னாங்க, அதுல என்னா தப்பு? மூடின பேக்டரியில பத்து வருசமா யாரு வெளக்கு வச்சது? யாரு ஒரு சுருட்டுக் கொடுத்தது? பட்டினி போட்டா எனக்கே கோவம் வரும். அதான் சங்கத் தூக்கி வச்சிருக்கு."

நல்லமுத்து யோசித்தான். அது அவனுக்குச் சரியாகப் பட்டது. மெதுவாக உட்கார்ந்தான்.

"அது இப்ப என்னா கேக்கும்னு எனக்குத் தெரியாதுண்ணே" என்றாள் ஜெனிதா. புத்தகத்தை மூடி அலுமாரிமேல் போட்டாள். "நீங்க சொல்லுங்க."

அதன் பிறகு மடுவத்தில் நடந்ததைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். கொழுந்துக் கூடைக்குள்ளிருந்து ராசம்மா ரொட்டி எடுத்தாள், கதையில்தான். துஷாந்த் ஆட்டோ சீட்டுக்கு அடியிலிருந்து சுருட்டும், எதற்கோ வைத்திருந்த கால் போத்தலும் எடுத்தான். "எதுக்குடா வச்சிருந்த?" என்று ராசம்மா கதைக்கு வெளியே வந்து கேட்டாள். "பெரியம்மா, கதைல!" என்று அவன் அலறினான். நல்லமுத்து கல்லைக் கழுவி, விளக்கேற்றி, எலுமிச்சம்பழம் வெட்டினான். எல்லாம் முடிந்ததும் சொன்னான்: "இது போதாதுங்க. ரோத சுத்தணும். ரோத நின்ன எடத்துல அதுக்கு என்னா வேல?"

துருப்பிடித்த பெரிய சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். எத்தனை பலத்துக்குச் சுற்றும்? நூற்றிருபது தாளில் தயாராக இருந்தது. ஆளாளுக்குத் தனியாகக் குலுக்க வேண்டும் என்பது புத்தகச் சட்டம். "மூணு பேரு சேந்து தள்றப்ப தனித்தனியா எப்புடிங்க?" என்றாள் ராசம்மா. நியாயந்தானே! சட்டத்தை அங்கேயே மாற்றி, எடுத்ததையெல்லாம் கூட்டலாம் என்றாள் ஜெனிதா. பிள்ளைகள் பூ வரையும் கரும்பலகையில் துஷாந்த் கூட்டிக்கொண்டு போனான். பதினொன்று வந்தால் கைதட்டு, இரண்டு வந்தால் ஏச்சு. ராசம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, எழுந்து நின்று காற்றையே தள்ளினாள். நூற்றிருபதைத் தாண்டியதும் நல்லமுத்து, கேட்டாலும் பேசாத அந்த நல்லமுத்து, வாயைக் குவித்து "ஊ...." என்று சங்கு ஊதினான். லயத்திலிருந்து இரண்டு பேர் ஓடிவந்து ஜன்னலால் எட்டிப் பார்த்து, "என்னாங்க டீச்சர், மடுவத்துல சங்கு ஊதுது?" என்று கேட்டார்கள். உள்ளே பதில் சொல்ல முடியாத சிரிப்பு.

சிரித்து ஓய்ந்தபின், "இப்ப சங்க எடுத்துக்கிட்டு கீழ எறங்குறீங்க" என்றாள் ஜெனிதா. "ஒரே மிஸ்ட். முன்னால போற ஆளு தெரியல."

"நில்லுங்க, நில்லுங்க" என்றாள் ராசம்மா. "ஆள எண்ணாம எறங்குறதா?"

மலையில் அவளுடைய கூட்டம் அப்படித்தான். மிஸ்ட் இறங்கினால், சிறுத்தை எங்கே படுத்திருக்கிறது, யார் எந்தத் தண்ணீர்க் காணில் வழுக்கி விழுந்து கிடக்கிறார்கள் என்று தெரியாது. தலையை எண்ணிச் சரிபார்க்காமல் ஒருத்தியும் ஓரடி வைக்கமாட்டாள். விரலை நீட்டி எண்ணினாள். தன் நெஞ்சைத் தொட்டு, "ஒண்ணு." துஷாந்த், "ரெண்டு." நல்லமுத்து, "மூணு." விரல் அதோடு நிற்கவில்லை. கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்ற ஜெனிதாவிடம் வந்தது. "நாலு."

"நான் கதைல இல்லைங்க அக்கா. நான் சொல்ற ஆளு மட்டுந்தான். நீங்க மூணு பேருதான்."

"நல்லாருக்கே!" என்றாள் ராசம்மா. "பெரட்டுலருந்து எங்களக் கூட்டிக்கிட்டு வந்தது யாரு? மன்னிப்புக் கேட்டது யாரு? உன்ன மட்டும் அந்தப் பேக்டரிக்குள்ள விட்டுட்டு வந்துருவோமா? வா புள்ள, வந்து ஒக்காரு. எம்புட்டு நேரந்தான் நீ மட்டும் நின்னுக்கிட்டே இருப்ப?"

ராசம்மா தன்னை நீ என்று சொன்னதை ஜெனிதா கேட்டாள். துஷாந்த் இன்னொரு குட்டிக் கதிரையை இழுத்துப் போட்டான், துடைக்காமல். அவள் உட்கார்ந்தாள், முழங்கால் மோவாயில் இடித்தது. கண் நிறைந்து வழிந்தது, அதை மறைக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை. மூவரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், சங்கு இன்னும் கீழே வந்து சேரவில்லையே. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவள் கதையை முடித்தாள்.

"நாலு பேரும் பத்திரமா லயத்துக்கு வந்து சேந்தோம்."