நாலாம் நம்பர் பிரஸ் ஏன் பச்சை?

எங்கள் ஷாப்பில் பெரிய டீவி மாட்டிய அன்று, இனிமேல் ஷிஃப்ட்டிலேயே கிரிக்கெட் பார்க்கலாம் என்று பையன்கள் கேலி பேசினார்கள். மறுநாள் கேலி நின்றுவிட்டது. ஒவ்வொரு பிரஸ்ஸும் எத்தனை பீஸ் அடிக்கிறது என்று அதில் ஓடிக்கொண்டே இருந்தது. டார்கெட்டைத் தொட்டால் பச்சை, தொடாவிட்டால் சிவப்பு.

ஒரகடத்தில் பிரஸ் மெஷினில் டை என்ற அச்சை இறக்கி, கார் கம்பெனிகளுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் சின்ன யூனிட் எங்களுடையது. நான் புரொடக்‌ஷன் இன்சார்ஜ். அதுவரை எங்கள் முதலாளி எந்த முடிவையும் மனக்கணக்கில்தான் எடுப்பார். கஸ்டமர் கேட்டார்கள் என்பதற்காக மெஷின்களில் சென்சார் வைத்தவர், போகப் போக டீவியைத் தவிர வேறு எதையும் பார்க்காதவராகிவிட்டார்.

நாலாம் நம்பர் பிரஸ் மட்டும் எப்போதும் பச்சை. அதை ஓட்டியவன் இசக்கி. திருநெல்வேலிப் பக்கம். சேரப்பணஞ்சேரியில் ரூம் எடுத்துத் தங்கியிருந்த கான்ட்ராக்ட் பையன். நம்பரில் முதலில் வருகிறவனை பெர்மனென்ட் ஆக்குவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

“இன்னாயா, அதே மிஷினு, அதே டை. அவனால முடியுது, மத்தவனுக்கெல்லாம் இன்னா கேடு? திங்கக்கெழமைலருந்து எல்லாருக்கும் அதான் டார்கெட்.”

எனக்கு மனசு ஒப்பவில்லை. இசக்கி பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். ஒழுங்காக, மற்றவர்களைப் போலவே ஓட்டினான். ஆனால் நான் நிற்கும்போதெல்லாம் டீவியில் அவன் வேகம் குறைந்தது. நான் நகர்ந்தால் ஏறியது. இது வேறு யார் கண்ணிலும் படவில்லை. சிவப்பு எரிந்தால்தான் மீட்டிங்கில் காரணம் கேட்போம், பச்சையை யார் கேட்டார்கள்?

அன்று மதியம் ஸ்கிராப் தொட்டிப் பக்கமாக, பின்னாலிருந்து போனேன். எங்கள் பிரஸ்ஸில் இரண்டு பட்டன் உண்டு. இரண்டையும் இரண்டு கையால் அழுத்தினால்தான் டை இறங்கும். கை உள்ளே இருக்கக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. இசக்கி இடது பட்டனை ஒரு மரத்துண்டால் ஆப்பு வைத்து அழுத்திவிட்டிருந்தான். வலது கை பட்டனில். இடது கை, டை இறங்குகிற சந்தில் தகட்டை வைத்துவிட்டு வந்துகொண்டிருந்தது.

கத்தினால் திடுக்கிட்டுக் கை உள்ளேயே நின்றுவிடுமோ என்று பயந்து, அவன் அடுத்த தகடு எடுக்கத் திரும்பும்வரை காத்திருந்து மெஷினை ஆஃப் செய்தேன்.

“ஏன்டா இப்படிப் பண்ண?”

“பெர்மனென்ட் ஆனாத்தான் பொண்ணு குடுப்போம்னு சொல்லுதாவ சார். நான் என்ன செய்ய? ஒண்ணும் ஆவாது, ரொம்ப நாளா இப்படித்தான் ஓட்டுதேன்.”

சொல்லிவிட்டு அழுதான். சொன்னால் அவன் வேலை போகும். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை முதல் எல்லா பிரஸ்ஸிலும் ஆப்பு வைப்பார்கள். நேராக முதலாளி ரூமுக்குப் போனேன்.

“தூக்கிடு அவன!” என்றார் அவர்.

“அவன அனுப்பிட்டா மத்தவங்க ஒளிச்சு வெச்சு செய்வாங்க சார். டீவி பச்சையாத்தான் காட்டும். எவன் கை போவும்னு நமக்குத் தெரியவே தெரியாது.”

முதலாளி கேட்டார்: “அப்போ நெசமான டார்கெட் எவ்ளோய்யா?”

“ரெண்டு கையும் பட்டன்ல இருந்தா எவ்ளோ வருதோ, அவ்ளோதான் சார்.”

ஆப்பு வைத்தால் மெஷின் ஓடாதபடி ரிலே மாட்டினோம். டார்கெட்டை இறக்கினோம். வேகம் ஏன் குறைந்தது என்று கஸ்டமர் கேட்டபோது முதலாளியே போய் நின்று பதில் சொன்னார். அதற்காக அவர் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு. காலை மீட்டிங்கில் முதல் கேள்வி மாறியது. சிவப்பைப் பேசுவதற்கு முன்னால், பச்சை ஏன் பச்சை என்று கேட்டுவிட்டு, மெஷின் பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். டேட்டா படித்துவிட்டு வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இது ஒன்றுதான்.

இசக்கியின் வேலை போகவில்லை. ஆனால் அந்த வருடம் பெர்மனென்ட் ஆனது வேறொருவன். அந்தச் சம்பந்தமும் தட்டிப்போனது. வெகுநாள் அவன் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. எனக்கு அது உறுத்திக்கொண்டேதான் இருந்தது.

நான் ரிடயர் ஆன பிறகு ஒரு நாள் மண்ணூரில் எங்கள் வீட்டுக்கு வந்தான். அப்போதும் கான்ட்ராக்ட்தான், வேறு கம்பெனி. பெண் வேறு இடத்தில் அமைந்திருந்தது. மஞ்சள் தடவிய பத்திரிகையைத் தட்டில் வைத்து, “கண்டிப்பா வந்துரணும் சார்” என்று இரண்டு கையாலும் நீட்டினான். பத்திரிகையை உடனே வாங்கத் தோன்றவில்லை. தட்டைப் பிடித்திருந்த அந்தப் பத்து விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.