கம்பியில் மிஞ்சிய பை

ராமுத்தாய்க்குக் கூட்டலும் கழித்தலும் தெரியும். ஆனால் ஆட்களைத் தலை எண்ணிச் சரிபார்ப்பதில் மட்டும் அவளுக்கு நம்பிக்கையே கிடையாது.

கல்யாணமான புதிதில், கம்பத்திலிருந்து ஜீப்பில் மலையேறி உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலக்காய் எடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு சாயங்காலம் கங்காணி தலைகளை எண்ணினார். கணக்குச் சரியாக இருந்தது, வண்டி கிளம்பிவிட்டது. ராமுத்தாய் ஏலச்செடிகளுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தாள். தன் வண்டியைத் தவறவிட்ட பக்கத்துத் தோட்டத்தில் காய் எடுக்கும் ஒருத்தி இவர்கள் ஜீப்பில் ஏறியிருந்தாள். ஒருத்தி விட்டுப்போக, ஒருத்தி வந்து சேர, எண்ணிக்கை எப்படிக் குறையும்? யானை கிளை ஒடிக்கும் சத்தத்தைக் கேட்டபடி பாறையிடுக்கில் ஒடுங்கிக் கிடந்தவளைத் தோட்டக் காவல்காரர்தான் கண்டெடுத்தார்.

பிற்பாடு தானே ஆட்களைக் கூட்டிப் போகிறவளானதும், காய் உலர்த்தும் ஸ்டோருக்கு முன்னால் ஒரு கம்பி கட்டினாள். மாற்றுத்துணி வைத்த பையை அவரவர் அதில் மாட்டிவிட்டுக் காட்டுக்குள் போக வேண்டும். திரும்பி வந்தால் தன் பையைத் தானே எடுக்க வேண்டும். அடுத்தவள் பையில் கை வைக்கக் கூடாது. கம்பி காலியானால் காடும் காலி. எண்ணவே வேண்டாம்.

போன ஆவணியில் ஒருநாள், மஞ்சு இறங்கி எதிர்ச்செடி தெரியாத நேரத்தில், கம்பியில் ஒரு பை மிஞ்சி நின்றது.

ராமுத்தாய் கம்பியருகே ஓடினாள். காய் எடுப்பு மும்முரத்தில் பல தெருக்களிலிருந்து புது ஆட்களைக் கூட்டி வந்திருந்தாள். பாதிப் பேரின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. பையைப் பார்த்தும் ஆளைச் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே மாதிரி ஜவுளிக்கடைப் பைகள்; உள்ளே இருப்பதை வைத்து அவரவருக்குத்தான் அடையாளம் தெரியும்.

"ஏத்தா, உள்ள யாரு? சத்தம் குடு!" என்று பெண்களெல்லாம் காட்டைப் பார்த்துக் கூவினார்கள். பதில் இல்லை.

"யக்கா, காலையில ஆனை சாணி கெடந்துச்சு," என்றாள் கற்பகம்.

டிரைவர் செல்லத்துரை எரிந்து விழுந்தான். "சீக்கிரம் பாருங்கக்கா. பொண்டாட்டியோட சண்ட, இன்னைக்குச் சோறும் கட்டிக் குடுக்கல. பசியில கண்ணு இருட்டுது."

"ஒனக்குப் பசி பெருசாப் போச்சு!" என்று சீறிய ராமுத்தாய், சட்டென்று நின்றாள். "எல்லாரும் ஏறுங்கடி. காலையில உக்காந்தமாதிரியே உக்காரணும்."

இடித்துப் பிடித்து ஏறினார்கள்.

"பக்கத்துல இருந்தவள யாருக்காச்சும் காணோமா?"

இல்லை. எல்லாருடைய இரு பக்கமும் நிறைந்திருந்தது.

"காலையில இல்லாத புதுமூஞ்சி எவளாச்சும் இருக்காளா?"

அதுவும் இல்லை.

ராமுத்தாய் கம்பியைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பக் காட்டுல நம்ம ஆளு யாருமில்ல. ஆளு குறையல, பைதான் கூடியிருக்கு. எவளோ ரெண்டு மாட்டியிருக்கா."

சொல்லிவிட்டாளே ஒழிய, கம்பியை நோக்கி நடக்கையில் காட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். தன் கட்டளையைத் தானே மீறி அந்தப் பையை எடுத்தாள். கனத்தது. மாற்றுத்துணி இவ்வளவு கனக்காது. உள்ளே தூக்குவாளி. மூடியைத் திறந்ததும் மீன்குழம்பு வாசம்.

முதல்நாள் வேலைக்கு வந்திருந்த இந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அய்யய்யோ! வண்டி கெளம்புறப்ப டிரைவரண்ணன் வீட்டுக் கோமதியக்கா குடுத்தாக. அண்ணன்கிட்டக் குடுக்கச் சொல்லி. கம்பியில மாட்டுங்கன்னதும் ரெண்டையும் மாட்டிட்டேன், சாயங்காலம் என் பைய மட்டும் எடுத்துட்டு இத மறந்தே போயிட்டேன். ஆளக் காணோம்னு எல்லாரும் அலறவும் நானும் பயத்துல கத்திட்டேன்."

செல்லத்துரை இந்து பக்கம் திரும்பினான். "கோமதியா? எனக்கா?"

"இல்ல, ஆனைக்கு!" என்றாள் கற்பகம். ஜீப்பே குலுங்கச் சிரித்தது.

ராமுத்தாய் ஸ்டோர் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று யாருக்கும் தெரியவில்லை. செல்லத்துரை நின்றபடியே ஆறிப்போன சோற்றை அள்ளி விழுங்கினான். யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை.

மறுநாள் காலையில் கோமதி ஜீப்புக்குள் பையை நீட்டியபோது, ராமுத்தாயே அதை வாங்கிச் செல்லத்துரை மடியில் வைத்தாள்.

"இது கம்பிக்கு வரக்கூடாது. அங்க ஆளுக்கு ஒரு பை, பைக்கு ஒரு ஆளு. ஒங்க சமாதானத்தையெல்லாம் வண்டியிலயே வச்சுக்கங்க."