பத்து நாள் காய்கறியும் ஒரு தட்டு அத்தோவும்

எனக்குக் கல்யாணமாகி நான்காவது மாதம், எங்கள் பாஸ்டர் பிரசங்கத்தின் நடுவிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டார். திருவொற்றியூரில் பழைய இரும்புக் கடை ஒன்றின் மாடியில் எங்கள் சபை கூடும். தகரக் கூரை, அறுபது பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் ஹால். அன்று தண்ணீர் கேட்டுக் கையை நீட்டினார், நீட்டிய கை மைக்கோடு கீழே வந்தது. சர்க்கரை என்று டாக்டர் சொன்னார். அவர் உடம்பைப் பார்த்த யாருக்கும் அது ஆச்சரியமாக இல்லை. எந்த வீட்டுக்கு ஜெபத்துக்குப் போனாலும் அவருக்குப் பிரியாணிதான், கிளம்பும்போது கேசரி. வேண்டாம் என்றால் வீட்டார் மனம் நோகுமே என்று சாப்பிட்டுச் சாப்பிட்டே நூறு கிலோவைத் தாண்டியிருந்தார்.

அடுத்த ஞாயிறு, முகம் வற்றிப்போய் வந்து நின்றார். "போன வாரம் என்னைத் தள்ளுனது பிசாசுன்னு சிலபேர் சொன்னீங்களாம். பிசாசு இல்ல. பிரியாணி."

ஹால் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. ராஜாவின் பந்தியில் இறைச்சியும் திராட்சரசமும் வேண்டாம் என்று சொல்லி, பத்து நாள் காய்கறியும் தண்ணீரும் மட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட நான்கு இளைஞர்களின் வேதாகமக் கதையைச் சொன்னார். "இந்தச் சரீரம் கர்த்தர் நமக்குக் குடியிருக்கக் கொடுத்த வீடு. அதுல நாம தினமும் குப்பை கொட்டுறோம். பத்து நாள். என்கூட யாரு வர்றீங்க?"

முதலில் தூக்கிய கை என் கணவருடையது. கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறவர், ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்பில் நான்கு துண்டுக்குக் குறைந்தால் முகம் தொங்கிப்போகும் ஆள். நான் தொடையில் கிள்ளினேன். கிள்ளிய என் கையையும் பிடித்துத் தூக்கிவிட்டார்.

ஆராதனை முடிந்து எல்லோரும் கீழே இறங்கினோம். எடை பார்க்கவேண்டும், சபையில் மிஷின் கிடையாது. இரும்புக் கடை பாய் தன் பெரிய தராசைக் காட்டினார்.

"தாங்குமா பாய்?" என்றார் பாஸ்டர்.

"ஏறுங்க பாஸ்டரே. லாரி எஞ்சினே ஏறிக்கீது."

பெண்கள் எல்லோரும் சேர்ந்து, பாயைத் தவிர மற்ற ஆண்களை ரோட்டுக்குத் துரத்திவிட்டு ஏறினோம். பாய் ஒவ்வொருவர் எடையையும் சுவரில் சாக்பீஸால் எழுதினார். பெயர் போடக்கூடாது என்று நாங்கள் அடம்பிடித்ததால், எனக்குப் பூப் படம், பாஸ்டரின் மனைவி பாஸ்டரம்மாவுக்குக் குடைப் படம். அன்று சிரித்த சிரிப்பில் எனக்கு விலா வலித்தது.

முதல் இரண்டு நாள் வீறாப்பாகப் போயிற்று. பீர்க்கங்காய், புடலங்காய், பருப்பு, கீரை. மூன்றாம் நாள் மாலை ஜெபக்கூட்டத்தில், காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா கூடையோடு வந்து நடுவில் நின்றார்.

"பாஸ்டரே, நம்ம சபைல பாதிப்பேரு எங்கையிலதான் மீனு வாங்கறாங்க. மூணு நாளா ஒருத்தரும் வர்ல. அது போவட்டும். எனக்கு ஒண்ணு சொல்லுங்க. ஆண்டவரு உயிர்த்தெழுந்து வந்து, ஏரிக்கரையில அடுப்பு மூட்டி, சீஷருங்களுக்கு இன்னா சுட்டுக் குடுத்தாரு? கத்திரிக்காயா?"

பாஸ்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். "அக்கா, நான் படிச்ச வேதாகமக் கல்லூரியில இந்தக் கேள்வியை யாரும் கேக்கல." நான்காம் நாளிலிருந்து சுட்ட மீன் உண்டு, பொரித்த மீன் கிடையாது என்று தீர்ப்பாயிற்று. அக்கா கூடையை இறக்கிவைத்து, அங்கேயே எல்லோருக்கும் சங்கரா மீனைப் பங்குபோட்டார். 

ஆனாலும் நாக்கு கேட்கவில்லை. நான் வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தேன். கடைக்குப் பின்சந்தில், பர்மாவிலிருந்து வந்த குடும்பம் ஒன்று அத்தோ வண்டி போட்டிருந்தது. மஞ்சள் நூடுல்ஸில் கோஸையும் பொரித்த வெங்காயத்தையும் போட்டு, புளித்தண்ணீரும் மிளகாய்த்தூளும் விட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். அந்த வாசனை தினமும் மாலையில் கடைக்குள் வந்து என்னைத் தேடும். ஆறாம் நாள் எழுந்து போய்விட்டேன். புதுச் சரக்கு வருகிறது, வர நேரமாகும் என்று காலையிலேயே கணவரிடம் சொல்லி வைத்திருந்தேன். அவரும் அன்று கூடுதல் ஷிஃப்ட் என்று சொல்லியிருந்தார். செல்போன் எங்கள் இருவரிடமும் இல்லாத காலம்.

தட்டை வாங்கி முதல் வாய் வைத்தேன். கண்ணில் நீர் வந்தது, காரத்தால் மட்டும் இல்லை. வண்டிக்கு அந்தப் பக்கம், வாழைத்தண்டு சூப்பின் ஆவிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அண்ணே, இன்னொரு முட்ட வையி."

ஞாயிறுதோறும் என் காதுக்குப் பக்கத்தில் ஆமென் சொல்லும் குரல். எட்டிப் பார்த்தேன். என் கணவர், மீசையில் நூடுல்ஸ் தொங்க, இரண்டாவது தட்டில் இருந்தார்.

"இன்னாயா, ஷிஃப்ட்டுன்னு சொன்ன?"

அவர் விழுங்கினார். "நீ இன்னாமே, சரக்கு வர்துன்னு சொன்ன?"

அவர் என் தட்டை எட்டிப் பார்த்து, ரொம்பப் பணிவாகச் சொன்னார்: "கோஸு காய்கறிதானே?"

"முட்ட?"

"அது... கோஸு மேல தானா வந்து வுயுந்துச்சி."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மிளகாய் மூக்கில் ஏறியது. அவர் என் முதுகைத் தட்டப்போய் தன் தட்டைக் கொட்டிவிட்டார். கடைக்காரர் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கட்டிக்கினவங்களா, கட்டிக்கப்போறவங்களா?" என்று கேட்டு ஆளுக்கொரு கிண்ணம் சூப்பை நீட்டினார்.

பஸ்ஸில் வீடு வரும் வரை சிரித்துக்கொண்டே வந்தோம். ஒருவர் அடங்கினால் மற்றவர் "தானா வுயுந்துச்சி" என்பார், மறுபடி தொடங்கும். தேரடி தாண்டும்போது அவர் திடீரென்று கேட்டார்.

"சாப்புடறதுக்கு முன்னாடி ஜெபம் பண்ணியா?"

"இல்ல. நீ?"

"எப்டி பண்றது? கண்ண மூடுனா ஆண்டவரே எதிர்ல நிக்கறாப்ல கீது."

டீயைக்கூட நன்றி சொல்லாமல் குடிக்காத வீடு எங்களுடையது. அத்தோவில் ஒரு தப்பும் இல்லை. நன்றி சொல்ல முடியாத அவசரத்தில், ஒளிந்து நின்று தின்றோமே, அதுதான் உறுத்தியது. மீதி நான்கு நாளும் ஒழுங்காக இருந்தோம்.

பதினோராம் நாள் மறுபடி தராசு. பாஸ்டர் மூன்று கிலோ இறங்கியிருந்தார். பூப் படம் அசையவில்லை. என் கணவர் ஒரு கிலோ ஏறியிருந்தார். பாய் சுவரைப் பார்த்தார், தராசைப் பார்த்தார், "மிஷினு சரியாத்தான் கீது" என்றார்.

மாடியில் சாட்சி சொல்லும் நேரத்தில் கணவர் தானாகவே எழுந்தார். "ஆறாம் நாளு நான் வுயுந்துட்டேன், பாஸ்டரே. அத்தோ. ரெண்டு தட்டு." நான் எழுந்து, "நானும்," என்றேன். பின்வரிசையில் காணிக்கைப் பை பிடிக்கும் அண்ணன் மெல்ல எழுந்தார். "பரோட்டா. ஒரு வாட்டிதான்." அப்புறம் யார் யாரோ எழுந்தார்கள். போண்டா, ஈரல் வறுவல், அரைக்கிலோ மிக்சர். ஒவ்வொரு பண்டத்துக்கும் ஹால் அதிர்ந்தது. கடைசியில் பாஸ்டரம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "பால்கோவா," என்றார்.

பாஸ்டர் திகைத்துப்போனார். "அப்போ இந்தச் சபையில நான் ஒருத்தன்தான் ஒழுங்கா இருந்தேனா?"

"பலகார அலமாரியப் பூட்டி சாவிய நாந்தானே வெச்சிருந்தேன்," என்றார் பாஸ்டரம்மா.

பாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு என் கணவரைக் கூப்பிட்டு, எல்லோருக்காகவும் ஜெபிக்கச் சொன்னார். கணவர் அத்தோ, பரோட்டா, பால்கோவா என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி ஜெபித்தார். அதையும் கேட்டுச் சிரித்தோம், அழுதோம்.

அதற்குப் பிறகு யாரும் பொருத்தனை, விரதம் என்று எதுவும் செய்யவில்லை. ஆனால் ஜெபத்துக்குப் போகும் வீடுகளில் பாஸ்டருக்கு மோர் மட்டும் கொடுத்தார்கள். எண்ணூர் போகும் கடலோர ரோட்டில் காலையில் அவரோடு ஏழெட்டுப் பேர் நடந்தார்கள். மறு வருடம் அவருடைய மாத்திரையை டாக்டர்கள் பாதியாகக் குறைத்துவிட்டார்கள் என்று பாஸ்டரம்மா சந்தோஷமாகச் சொன்னார்.

அந்தப் பத்து நாளுக்குப் பிறகு வந்த முதல் கிறிஸ்துமஸுக்கு எர்ணாவூரில் என் அம்மா வீட்டுக்குப் போனோம். மாப்பிள்ளைக்கென்று அம்மா இலை நிறைய ஆட்டுக்கறியைக் குவித்தாள். அவர் கண்ணை மூடி நன்றி சொன்னார். வெகுநேரம் சொன்னார். கண்ணைத் திறந்து, பாதிக் கறியை எடுத்து என் தம்பி இலையில் வைத்தார்.

அம்மா பதறிப்போனாள். "இன்னா மாப்ள, கறி நல்லால்லியா?"

"ரொம்ப நல்லாகீது அத்த," என்றார் அவர். "அதான் பயமாகீது."