மத்தியக் குழு பார்த்த பச்சை

போன வாரம் விருதுநகரில் ஒரு ஓட்டலில் தோசைக்குக் காத்திருந்தேன். எதிர்ச் சுவர் டி.வி.யின் அடியில் ‘மத்தியக் குழு நாளை வருகை’ என்று எழுத்து ஓடியது. எந்த மாவட்டத்துக்கு, வெள்ளத்துக்கா வறட்சிக்கா என்று பார்ப்பதற்குள் நகர்ந்துவிட்டது. தோசை வந்தது. எனக்கோ தொண்டையில் புழுதி அடைத்ததுபோல் இருந்தது. டீசல் நெடி கலந்த ஜீப் புழுதி.

அந்தப் புழுதி தொண்ணூறு முடிந்து தொண்ணூற்றொன்று பிறந்த சமயத்தது. ஆங்கில இலக்கியத்தில் பட்டம் வாங்கிவிட்டு அருப்புக்கோட்டையில் சும்மா திரிந்துகொண்டிருந்த என்னை, அந்த வட்டாரத்து எம்.எல்.ஏ. மனு எழுத வைத்துக்கொண்டார். அவர் அறையில் எந்நேரமும் வாடிய பூவின் வாசனை அடிக்கும். கூட்டத்தில் விழுந்த மாலை, கல்யாண வீட்டு மாலை எல்லாம் ஆணியில் தொங்கிச் சருகாகிக்கொண்டிருக்கும். எடுத்தெறிய மனசு வராது அவருக்கு. நல்ல மனுஷன்தான்.

அந்த வருஷம் ஐப்பசியும் ஏமாற்றியது, கார்த்திகையும் ஏமாற்றியது. நிவாரணம் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் அவர் ஒரே பதிலைத்தான் சொல்வார்.

“நம்ம கவர்மெண்டு கேட்டுருச்சுப்பா. டெல்லிக்காரவுக குடுக்கணும். இங்க ஒரு கட்சி, அங்க ஒரு கட்சி. நாம சொன்னா நம்புவாகளா? அதான் கண்ணால பாக்க ஆளு அனுப்புறாக.”

பார்க்க வருகிறவர்களுக்குக் காட்ட ஒரு நிலம் வேண்டுமே. திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகும் ரோட்டை ஒட்டியிருந்த இருளாயி அக்காவின் நிலத்தை எம்.எல்.ஏ.வே தேர்ந்தெடுத்தார். விதைத்த குதிரைவாலி முழங்கால் உயரம்கூட வராமல் கருகிக் கிடந்தது. ஆடுகளைக் கார்த்திகையிலேயே வந்த விலைக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். அக்காவின் புருஷன் மூக்கையாவுக்கு இளைப்பு. மகள் செல்வி மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத்து மதியச் சோறுதான் அவளுக்கு அன்றன்றைய சாப்பாடு.

குழு வருவதற்கு ஒரு வாரம் முன்னால், மார்கழியில், யாரும் எதிர்பாராமல் ஒரு மழை அடித்தது. ஒரே மழைதான். கருகிய பயிர் கருகியபடியே கிடக்க, அதற்கிடையில் களை மட்டும் பச்சைப் பசேலென்று கிளம்பிவிட்டது. குழு வரவிருந்த அன்று காலையில் வரப்பில் வந்து நின்ற எம்.எல்.ஏ.வுக்கு முகம் செத்துவிட்டது.

“தாயி, இத மேய விட்டுருக்கக் கூடாதா?”

“மேய ஆடு இருந்தா, டெல்லிக்காரவுகள நான் எதுக்குய்யா தேடப் போறேன்?”

ஜீப்புகள் வந்தன. பெரிய அதிகாரி சாந்தமானவர். குனிந்து இலையைத் தொட்டுப் பார்த்தார். மழை பெய்ததா என்று ஆங்கிலத்தில் கேட்டார். மொழிபெயர்க்க ஆள் நான்தான். மேடை நாடகத்தில் ராஜா வேஷம் கிடைத்ததுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அக்காவிடம் கேட்டேன். எம்.எல்.ஏ. வேறு பக்கம் பார்த்தார்.

“பேஞ்சுச்சு தம்பி. இல்லன்னு சொன்னா அடுக்காது. ஆனா, செத்தவன் வாயில பால ஊத்துன மாதிரி பேஞ்சுச்சுன்னு சொல்லு.”

வார்த்தை பிசகாமல் சொன்னேன். அதிகாரி முகம் மலர்ந்தது. “அப்படியானால் கறவை மாடு இருக்கிறதா?”

பதறிப்போனேன். ஐயா, அது சாவு வீட்டுப் பால், உயிர் போன பிறகு ஊற்றுவது என்று என் பட்டத்து ஆங்கிலத்தையெல்லாம் திரட்டி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அதற்குள் பின்னாலிருந்து யாரோ நேரமாகிறது என்றார்கள். ஜீப்புகள் கிளம்பின. அவர்களுக்கு அன்றைக்கு இன்னும் நிறைய ஊர்கள் இருந்தன.

“நான் சொன்னது அவுகளுக்குப் புரிஞ்சுச்சா தம்பி?” என்று கேட்டார் அக்கா.

அதன் பிறகு வாராவாரம் அக்கா பஸ் ஏறி வந்து எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் நின்றார். மெட்ராஸ் போய்த் திரும்பிய எம்.எல்.ஏ., “பாதிப்பு கம்மின்னு டெல்லில நெனைக்கிறாகளாம். திரும்பக் கேட்டுருக்கோம்” என்றார். நிஜமாகவே கேட்டிருந்தார்கள். பதில் வருவதற்குள் பொங்கல் போனது. பொங்கலுக்குப் பிறகு ஒருநாள் ரேடியோவில் சொன்னார்கள்: மாநில ஆட்சி கலைக்கப்பட்டது, சட்டமன்றமும்.

மறுநாள் அக்கா வந்தபோது தெருவில் ஒரு கார்கூட இல்லை. எம்.எல்.ஏ. பனியனோடு உட்கார்ந்திருந்தார்.

“தாயி, நான் இப்ப எம்.எல்.ஏ. இல்ல.”

“அப்ப நாங்க போட்ட ஓட்டு?”

“அதையும் சேத்துத்தான் கலைச்சுட்டாக.”

“இனி யாருட்டய்யா கேக்க?”

“கவர்னர்ட்டதான் கேக்கணும்” என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. அக்கா ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு நடந்தார்.

மாசியில் செங்கல் சூளைக்கு ஆள் பிடிக்கிற லாரி வந்தது. மூன்று பேரும் ஏறிப் போனார்கள். சித்திரையில், கவர்னர் ஆட்சியில், நிவாரணம் என்று கொஞ்சம் வந்தது. ஊரில் இருந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். ஊரில் இல்லாதவர்களுக்கு எப்படிக் கொடுப்பது?

சில வருஷம் கழித்து அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். பக்கத்தில் வளர்ந்த பெண்ணாகச் செல்வி. செங்கல் தேய்த்த கைகளைத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டாள். “செல்வி அப்பா அந்தக் கோடையிலயே போயிட்டாக. சூளப் புகை ஒத்துக்கல” என்றார் அக்கா. அழவில்லை. பிறகு, “அந்த டெல்லி அய்யா மாதிரி யாரும் எங்கிட்டப் பொறுமையா கேட்டதில்ல தம்பி” என்றார். பஸ் வந்தது, ஏறிக்கொண்டார்கள்.

இப்போதெல்லாம் நினைத்த மாத்திரத்தில் ஆட்சியைக் கலைத்துவிட முடியாதாம், கோர்ட்டு கேள்வி கேட்குமாம். நல்லதுதான். எம்.எல்.ஏ. காலமாகிவிட்டார். அந்த ரோட்டோரத்தில் குதிரைவாலி விதைக்கிறவர்கள் யாருமில்லை. ஒருமுறை அந்த ஊருக்குள் போய் விசாரித்தேன். மூக்கையா வீடு இருந்த இடம் கரைந்து மண்மேடாகியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கொஞ்சம் யோசித்தார்.

“அவுக அந்தப் பஞ்சத்துல போனவுகல்ல? இன்னும் வரலையே” என்றார், நேற்றுப் போனவர்களைச் சொல்வதுபோல.